இரண்டு விரல் இறக்கிய கயிறு

ஒரு மனிதர் காரிலிருந்து இறங்கும் விதத்தைப் பார்த்தே, அவருக்கு வலது முழங்கால் தகராறா இடது முழங்கால் தகராறா என்று அண்ணன் சொல்லிவிடுவார். முகத்தை மட்டும் பார்க்கவே மாட்டார். பத்து வருடம் பழகியவரின் பெயரைக் கேட்டாலும் தலையைச் சொறிவார். "அதான்பா, இடது தோளு கொஞ்சம் எறங்கியிருக்குமே, அவரு" என்பார்.

பிள்ளைகளே, என் கல்யாணத்துக்கு உங்கள் அம்மாவின் அப்பா அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். அழைத்து வரப் போனவர் அண்ணன்தான். கும்பிடு போடுவதற்கு முன்பே, "மாமா, வலது கால முதல்ல வைக்காதீங்க, படி ஒசரம்" என்றாராம். "எனக்கு முட்டி வலின்னு என் பொண்டாட்டிக்கே தெரியாது. இந்த ஆளுக்கு யாரு சொன்னது?" என்று தாத்தா கல்யாணம் முடிகிற வரை எல்லாரையும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அண்ணன் என்று எழுதினாலும் அவர் என் கூடப் பிறந்தவர் இல்லை. ஜோகுபாளையத்தில் ஒரே காம்பவுண்டில் வரிசையாக ஆறு வீடுகள் இருந்தன. மூன்றாவது வீடு அவருடையது, நான்காவது நம்முடையது. நீங்கள் பிறப்பதற்கு முன்பு நடந்தது இதெல்லாம். இருவருக்கும் ஒரே கோல்ஃப் கிளப்பில் வேலை. நான் ஷூ அறையில் இருந்தேன். ஷூக்களைத் துடைப்பது, அடியில் இருக்கும் ஆணிகளை மாற்றுவது, மட்டைகளின் கைப்பிடிக்கு நாடா சுற்றுவது என் வேலை. அவர் முதலில் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு துரைகளின் பின்னால் நடந்தவர். வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போன பிறகு, அடிக்கச் சொல்லிக் கொடுப்பவராக ஆனார்.

சொல்லிக் கொடுத்தது வயதானவர்களுக்கு மட்டும். இளவட்டங்கள் வந்தால், "நீங்க போங்க சார், உங்களுக்கு நான் எதுக்கு? உங்க ஒடம்பு இன்னும் உங்க பேச்சக் கேக்குது" என்று அனுப்பிவிடுவார்.

கோல்ஃப் நீங்கள் பார்த்ததில்லை. ஒரு சின்ன வெள்ளைப் பந்து தரையில் இருக்கும். நீண்ட மட்டையைப் பின்பக்கமாகத் தோளுக்கு மேல் ஓங்கி, இடுப்பைத் திருகி, அப்படியே சுழற்றி அடிக்க வேண்டும். முப்பது வயதுக்காரர் ஓங்கினால் மட்டை தலைக்குப் பின்னால் போய்ப் படுக்கும். அறுபத்தைந்து வயதில் அது முடியாது. ஆனால் மனது ஒப்புக்கொள்ளாது. அன்றைக்கு ஓங்கினேனே, இன்றைக்கு ஏன் முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவார்கள். பந்து புதருக்குள் போகும். அவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்து உட்காருவார்கள். ஷூவைக் கழற்ற நான்தான் உதவ வேண்டும்.

அண்ணன் அவர்களிடம் வயதைப் பற்றிப் பேசவே மாட்டார். வலது பாதத்தின் நுனியைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி வைக்கச் சொல்லுவார். "கால தொறந்தா இடுப்பு தானா தொறக்கும் சார்." இடது குதிகாலைத் தரையில் அழுத்தாமல் தூக்கவிடச் சொல்லுவார். கூனிக்கொண்டு நிற்பவரைப் பந்துக்கு இரண்டு அங்குலம் கிட்டே கொண்டுவந்து நிமிர்த்துவார். விரல் மடங்காதவர் என்றால் என்னிடம் வந்து, "இந்த மட்டைக்கு ஒரு சுத்து ஜாஸ்தி போடுப்பா. கைப்பிடி தடியா இருந்தா விரலு கெஞ்சாது" என்பார். யாருக்கு என்று சொல்ல மாட்டார். அவர் வாயில் எப்போதும் இரண்டு வாக்கியங்கள் இருக்கும். ஒன்று, "தூரம் கொறஞ்சா கொறையட்டும் சார், நேர் தவறக்கூடாது." இன்னொன்று, "ஒடம்பு நம்ம வேலக்காரன் இல்ல சார், சம்பந்தி. மரியாதையா கேட்டுத்தான் வேல வாங்கணும்."

எல்லாவற்றையும்விட முக்கியமானது அவருடைய கயிறு.

பயிற்சி செய்யும் இடத்தில், அடிப்பவரின் முதுகுப் பக்கமாக இரண்டு மூங்கில்களை நட்டு, குறுக்கே ஒரு கயிறு கட்டுவார். கயிற்றில் ஒரு சின்ன சலங்கை மணி. மட்டையை அந்தக் கயிற்றுக்கு மேல் ஓங்கினால் மணி அடிக்கும். "மணி அடிக்காம அடிங்க, அவ்ளோதான்." பெரிய பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்களெல்லாம் அந்த மணிக்குப் பயந்துகொண்டு, பாதி ஓங்கி அடிப்பார்கள். ஓங்குவது குறைந்ததும் பந்து நேராகப் போகும். பச்சைப் புல்லின் நடுவில் போய் விழும். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அண்ணன் மட்டும் பார்க்க மாட்டார். அவர் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மழைக்காலம் முடிந்து ஆட்டம் திரும்பத் தொடங்கும்போது, யாரும் வருவதற்கு முன்பு, அவர் அந்தக் கயிற்றை அவிழ்த்து இரண்டு விரல் கீழே இறக்கிக் கட்டுவார். ஒவ்வொருவர் உயரத்துக்கும் தனித்தனி மூங்கில் ஜோடி. எல்லாவற்றிலும் இரண்டு விரல். கேட்டால், "கயிறு அதே எடத்துலதான் சார் இருக்குது" என்று கூசாமல் சொல்லுவார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.

அவருடைய மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணன் வெறும் 'மே' என்றுதான் கூப்பிடுவார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அண்ணிக்கு வாய் கொஞ்சம் அதிகம், சிரிப்பு அதைவிட அதிகம். வருடத்தில் ஒரு திங்கட்கிழமை வேலைக்காரர்களின் குடும்பங்களை மைதானத்துக்குள் விடுவார்கள். அப்படி ஒரு தடவை புளிசாதம் கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் சாப்பிட்டோம். அண்ணி அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டு, "இது என்னாங்க, துணி காயப் போடற கொடியா?" என்று கேட்டார்கள். அண்ணன் பெருமையாக விளக்கினார். வருஷத்துக்கு இரண்டு விரல் இறக்குவதையும் சொன்னார்.

"அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது மே. தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடும். மனசு ஒடிஞ்சா தோளு தானா எறங்கிடும்."

"நல்லா ஏமாத்தறீங்க பெரிய மனுசங்கள" என்று சொல்லி, அண்ணி அந்த மணியை விரலால் ஒரு தட்டு தட்டினார்கள். அது வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும். ஒருநாள் உங்கள் அம்மா என்னிடம், "அண்ணி தல வாரும்போது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"நான் ஏன் அவங்க தல வாரறதப் பாக்கப் போறேன்?"

"சீப்பு தலைக்குப் போகலீங்க. தல சீப்புக்கு வருது."

சொன்ன பிறகுதான் கவனித்தேன். கையை உயர்த்தாமல், தலையைத் தோள்வரை சாய்த்துக் கொண்டுவந்து வாரிக்கொண்டிருந்தார்கள். மேல்தட்டில் இருந்த அரிசி டின் தரைக்கு வந்திருந்தது. குழாயடியில் குடத்தை இடுப்புக்கு ஏற்ற, முதலில் முழங்காலில் வைத்து, அப்புறம் கல்லில் வைத்து, இரண்டு தவணையாக ஏற்றினார்கள். அண்ணன் சாகிபுகளுக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் அண்ணி தானாகவே செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

உங்கள் அம்மா நேராகவே கேட்டுவிட்டாள். "வலது கை தூக்க வரலியா அண்ணி? டாக்டரம்மாகிட்ட போலாம், நான் கூட வரேன்."

"வாயுப் பிடிப்புடி. எண்ண தேச்சா போயிடும்."

"அண்ணன்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

அதற்கு அண்ணி சொன்ன பதிலை உங்கள் அம்மா என்னிடம் அப்படியே வந்து சொன்னாள். "நான் ஏன் சொல்லணும்? ஊர்ல இருக்கற தோளையெல்லாம் பாக்கறாரு இல்ல? என் தோள அவரா பாக்கட்டும். நீயும் சொல்லக்கூடாது, உன் வீட்டுக்காரரும் சொல்லக்கூடாது. என் மேல ஆண."

கோபமாகச் சொல்லவில்லையாம். சிரித்துக்கொண்டு, கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளை மாதிரி சொன்னார்களாம். சின்ன வலிதான் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். சின்ன வலியை வைத்துக்கொண்டு ஒரு சின்ன விளையாட்டு. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆணை வைத்துவிட்டார்களே என்று வாயை மூடிக்கொண்டோம்.

அண்ணி வீட்டு வாசலில் குறுக்கே துணிக்கொடி. ஒரு முனை சுவரில் ஆணியில், மறுமுனை கொய்யா மரத்தில். நான் அங்கே குடிவந்தபோது அண்ணன் அதன் அடியில் நிமிர்ந்து நடந்து போவார். அவர் நல்ல உயரம். பிறகு தலையை லேசாகச் சாய்த்துப் போனார். அதற்கடுத்த வருடம் முதுகை வளைத்துப் போனார். ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு வேகமாக வந்தவருக்குக் கயிறு நெற்றியில் உரசிவிட்டது.

"என்ன மே, கொடிய எறக்கிக் கட்டிட்டியா?"

"கொடி அதே எடத்துலதான் இருக்குது. நீங்கதான் வளந்துட்டீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் வாசலில் நின்றிருந்த என்னிடம், "கேட்டியாப்பா, நாப்பத்தஞ்சு வயசுல வளர்றனாம்!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அண்ணி கதவோரமாக நின்று என்னைப் பார்த்தார்கள். கண்ணாலேயே, சொல்லக்கூடாது என்றார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணனிடம் படித்தவர்களில் ஒரு ஜட்ஜ் ஐயா இருந்தார். ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரு மழைக்காலம் கழிந்து ஆட்டம் தொடங்கிய முதல் நாள், அவருடைய மட்டைக்கு நாடா சுற்றி எடுத்துக்கொண்டு பயிற்சி இடத்துக்குப் போனேன். ஜட்ஜ் ஐயா பத்துப் பந்து அடித்தார். பத்தும் நேராகப் போயின. மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு மூங்கிலுக்குக் கிட்டே போய் நின்றார்.

"ஏனப்பா, இந்த வருஷமும் ரெண்டு விரலா?"

அண்ணன் திகைத்துப் போனார். "கயிறு அதே எடத்துலதான்..."

"முப்பது வருஷம் கேஸ் விசாரிச்சவன்கிட்ட சொல்றியா? இங்க பாரு. மூங்கில்ல பழைய கட்டு இருந்த தடம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வருஷம் வருஷம் பாத்துட்டுதான் வரேன்."

"அப்ப ஏன் சார் கேக்கல?"

"நீ மறச்சதுல ஒரு மரியாத இருந்துது. கெடுக்க வேண்டாம்னு விட்டேன்." ஜட்ஜ் ஐயா சிரித்தார். "ஆனா எனக்குத் தெரியும்னு என் மூஞ்சியிலயே எழுதியிருந்துது அப்பா. நீ தோளத்தானே பாக்கறே. மூஞ்சிய எங்க பாக்கறே?"

அன்று அரை நாள் வேலை. இரண்டு பேரும் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பினோம். அல்சூர் வரும்வரை அண்ணன் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "நாலு தடம்! எண்ணி வச்சிருக்காரு மனுசன்! நான் அவர ஏமாத்தறேன்னு நெனச்சா, அவரு என்ன ஏமாத்தியிருக்காரு!"

காம்பவுண்டுக்குள் வந்து சைக்கிளைச் சாத்தினார். கொடியில் அவருடைய வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. சிரித்துக்கொண்டே முதுகை வளைத்துக் கொடியின் கீழே நுழைந்தார். நுழைந்தவர் நிமிரவில்லை. வளைந்த முதுகோடு அப்படியே நின்றுவிட்டார்.

முதுகு பிடித்துக்கொண்டதோ என்று நான் ஓடினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடி கட்டிய ஆணிக்கு மேலே சுண்ணாம்பில் ஒரு ஓட்டை. அதற்கு மேலே இன்னொன்று. அதற்கு மேலே இன்னொன்று. இடையில் எல்லாம் இரண்டிரண்டு விரல் இருக்கும். அவர் விரலை வைத்து அளந்தும் பார்த்தார்.

"மே."

அண்ணி வெளியே வந்தார்கள். உங்கள் அம்மாவும் சத்தம் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"கையத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்கு மே. வலது கை."

அண்ணி தூக்கினார்கள். மார்புவரை வந்தது. அங்கே நின்றுவிட்டது. அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அண்ணியின் முகமோ மலர்ந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன், கல்யாணப் பெண் மாதிரி மலர்ந்தது. உங்கள் அம்மா பக்கம் திரும்பி, "பாத்தியாடி! நான் சொன்னேன்ல? அவரே பாப்பாருன்னு சொன்னேன்ல?" என்றார்கள்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அது வாயுப் பிடிப்பு இல்லை. அக்குளில் ஒரு கட்டி இருந்திருக்கிறது. அதை அண்ணி யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் அம்மாவிடம்கூட. கை வராததற்கு அதுதான் காரணம். டாக்டர் அண்ணனிடம், "எத்தன நாளா கை தூக்க முடியல?" என்று கேட்டாராம். அண்ணன், "மூணு ஆணி" என்றாராம். டாக்டருக்குப் புரியவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு அண்ணி இல்லை.

அதற்குப் பிறகும் அண்ணன் வேலைக்கு வந்தார். ஆனால் பொய் சொல்வதை விட்டுவிட்டார். கயிற்றை இறக்கினால், "எறக்கிட்டேன் சார், ரெண்டு விரலு" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். இப்போது முகத்தைப் பார்த்தார். அது பலருக்குப் பிடிக்கவில்லை. அதோடு ஒரு கேள்வியும் கேட்கத் தொடங்கினார்.

"சார், வீட்ல அம்மா கை மேல தூக்கறாங்களா?"

வருகிற எல்லாரிடமும் அவரவர் மனைவியைப் பற்றி இப்படிக் கேட்டார். சிலர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். ஜட்ஜ் ஐயா மட்டும் பந்து அடிக்காமல், அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனார். ஒரு பழைய கர்னலுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வீட்டுப் பொம்பளயப் பத்தி நீ யாருடா கேக்கறதுக்கு?" என்று மைதானமே கேட்கும்படி கத்தினார். புகார் எழுதிக் கொடுத்தார். ஆபீசில் கூப்பிட்டு, இனி அப்படிக் கேட்கக்கூடாது என்றார்கள். "கேக்காம இருக்க வரலீங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் வந்துவிட்டார். அந்த மாதத்தோடு வேலை போயிற்று.

ஊரைவிட்டுப் போகும் முன்பு என் அறைக்கு வந்தார். நான் ஒரு மட்டைக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். அவளுக்குக் கை வரலன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுண்ணே" என்றேன்.

அண்ணி இறந்த பிறகும் ஆணை ஆணைதான் என்று நினைத்தேனா, பயந்தேனா, எனக்கே தெரியாது. நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய வழக்கப்படி என் தோளைப் பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, அதே தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். மறுபடி நான் அவரைப் பார்க்கவில்லை.

காலி செய்துவிட்டுப் போகும்வரை அந்தக் கொடியை அவர் ஏற்றிக் கட்டவில்லை. ஒவ்வொரு முறையும் வளைந்துதான் போனார், வந்தார். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் நாளே ஆணியைப் பிடுங்கி மேலே அடித்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை. அவர்களுக்கு என்ன தெரியும்?

பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அம்மாவைப் பார்த்து, "ரெண்டு கையும் தூக்கு" என்று சொல்லும்போது, "அப்பா போலீஸ், அம்மா திருடன்" என்று நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. அம்மா ஒரு தடவையும் ஏன் என்று கேட்டதில்லை. இடுப்பில் செருகிய முந்தானையோடு வந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே, எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயரம் தூக்கி, நான் தலையசைக்கும்வரை இறக்காமல் வைத்திருப்பாள்.

அடுத்த ஞாயிறு சிரிப்பதற்கு முன்னால், அவள் முகத்தைப் பாருங்கள்.